உள் முக்கோணத்தின் மூன்று அம்புகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம், என் முழங்காலும் உன் அப்பாவின் வாயும் நீ விட்டுப்போன நிலையிலேயே இருக்கின்றன. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய், நம்பியதாக வைத்துக்கொள்.

உன் புத்தகத்தின் திருத்தப் பிரதி வந்து மூன்று வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் புத்தகம் அடுத்த வருஷம்தான் என்று பதிப்பகத்தார் சொல்லியும், அப்பா நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாயே, அந்த மனிதரிடமா எதிர்பார்க்கிறாய்? நாற்பது வருஷம் கல்லூரியில் குலக் கோட்பாடு என்கிற கணக்குப் பாடம் நடத்தி, கரும்பலகைக்கு முகத்தையும் பிள்ளைகளுக்கு முதுகையும் காட்டியே ஓய்வு பெற்றவர். அதே பாடத்தை நீ படமாகப் போட்ட புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார், சிவப்பு அம்பும் நீலக் கோடும் கண்ணில் பட்டன, மூடினார். வண்ணம் தீட்டுகிற புத்தகம், பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கொடு என்றார். பிறகு அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

அதனால் நான்தான் படித்தேன், சிரிக்காதே. தையல் மேசையில் விரித்து வைத்து, நீ சொன்னபடியே அட்டையில் முக்கோணம் வெட்டி, மூலைகளுக்கு எண் போட்டு, சிவப்பு என்றால் திருப்பு, நீலம் என்றால் புரட்டு என்று புள்ளி புள்ளியாய்ப் போனேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், இவர் வகுப்பில் என்னதான் நடத்தினார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனால் முனைவர் அம்மையாரே, நாற்பத்தோராம் பக்கத்தில் உன் படம் தப்பு. திருப்பிவிட்டுப் புரட்டினாலும், புரட்டிவிட்டுத் திருப்பினாலும் ஒரே புள்ளியில் கொண்டுபோய் விடுகிறது. என் அட்டையோ இரண்டு தடவையும் வேறு வேறு மாதிரி நிற்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு முக்கோணம் போட்டு, வெளி முக்கோணத்து அம்புகள் சுற்றுகிற பக்கமே உள்ளேயும் சுற்றவிட்டிருக்கிறாய், உள்ளே எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். துணியைப் புரட்டினால் இடம் வலமாகிவிடும் என்பது சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிற எவளுக்கும் தெரியும். இத்தனை பட்டம் வாங்கியவளுக்குப் புரட்டிப் பார்க்க நேரமில்லை போலிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். உனக்கென்ன தெரியும் என்றார். படத்தை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு படமே இல்லாமல் மூன்று தாள் நிறையக் கணக்கு எழுத்தாய் எழுதித் தள்ளினார். சாப்பாடு ஆறிப்போன பிறகு வந்து, இவள் சொன்னது சரிதான், படம் தப்பு என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவரை விடு. கணக்கு விளங்காதவர்களுக்காக எழுதினேன் என்கிறாய், விளங்கியவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்டு நிற்கிறாய். எனக்கு அதில்தான் வருத்தம். ஒரு பிரதி எனக்கும் அனுப்பியிருக்கலாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் புத்தகம் கணக்கைக் கண்டு பயந்த பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மறக்காமல் அந்த மூன்று அம்பையும் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு. அப்பாவின் வார்த்தைக்குக் காத்திருக்காதே, அது வாய்வழியாக வராது. நேற்று துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் ஒரு அட்டை முக்கோணம் இருந்தது. என்னுடையது இல்லை, என்னுடையது இங்கே மேசைமேல் இருக்கிறது. அவர் பையில் இருந்ததற்கோ மூலைகள் மூன்றும் திருப்பித் திருப்பித் தேய்ந்துபோயிருக்கின்றன.

இப்படிக்கு,
உன் புத்தகத்தை முதலில் படித்து முடித்த,
அம்மா