கியூவில் சொல்லிப் பார்

மாதுங்கா,
9-9-1945

வக்கீல் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, என் வீட்டு முன்னறையைக் காலி செய்து, போன வருஷம் பாலக்காடு போய்ச் சேர்ந்த சந்திரமௌலிக்கு அநேக நமஸ்காரம்.

நேற்று கோர்ட்டில் என் மானம் போயிற்று. வேறு யார் மூலமாவது வந்தால் கைகால் முளைத்து வரும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் தாராவியில் சட்டம் போதிக்கிற நான், காலியாகத் தெரிகிறதே என்று போய் உட்கார்ந்தது கைதிகளின் பெஞ்சு. பக்கத்திலிருந்த ஜேப்படிக்காரன் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தான். ஹவல்தார் வந்து, தேரா க்யா கேஸ் ஹை, உன் மேல் என்ன கேஸ் என்றான். கூண்டில் நின்ற ஹனீப்பைக் காட்டினேன்.

முகம்மது ஹனீப்பை உனக்குத் தெரியாது. மேலப்பாளையத்துக்காரன், தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. லா பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்ட என் தலையில் நீ கட்டிவிட்டுப் போனாயே ஒரு வகுப்பு, அதில் கேள்வி கேட்கிற ஒரே ஆள்.

போன ஞாயிறு, சட்டம் எங்கே பிறக்கிறது என்று கேட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் என்றான் வெயிலுமுத்து. சிரிப்பு அடங்கியதும், சர்க்கார் போடுவது, கோர்ட்டுத் தீர்ப்பு, ஜனங்களின் வழக்கம் என்று உன்னைப்போலவே விரல் மடக்கினேன். ஹனீப் எழுந்தான். எங்க சால்ல இருக்கிற அத்தனை குடித்தனத்துலயும் மௌத்தாகிப் போனவங்க பேரை யாரும் ரேஷன் கார்டுலேருந்து எடுக்கிறதில்ல சார், எல்லாரும் செஞ்சா அதுவும் வழக்கம்தானே, சரியா தப்பா என்று கேட்டான். எனக்குக் கைதட்டல் ஆசை. வழக்கமென்றால் ஒளிக்காமல் செய்வது. சந்தேகமிருந்தால் ரேஷன் ஆபீஸ் கியூவில் நின்று உரக்கச் சொல்லிப் பார். சொல்ல முடிந்தால் வழக்கம், நாக்கு எழும்பவில்லையென்றால் திருட்டு என்றேன். நன்றாகவே தட்டினார்கள்.

அவன் போய்ச் சொல்லிவிட்டான், மௌலி. மறுநாளே. என் தாயார் மௌத்தாகி ஆறு மாசம், அவங்க சர்க்கரையை நாங்கதான் வாங்குறோம், எங்க சால் முழுக்க இதுதான் வழக்கம் என்று, கியூ முழுக்கக் கேட்க, நல்ல ஹிந்துஸ்தானியில். இன்ஸ்பெக்டர் கார்டையும் பிடுங்கிக்கொண்டார், ஆளையும் பிடித்துக்கொடுத்தார். அதற்கடுத்த நாள் சால் முழுக்கச் சோதனை. நேற்று கூண்டில் என்னைப் பார்த்ததும், பாடம் ஒப்பித்த பிள்ளை மாதிரி லேசாகச் சிரித்தான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவன் பெண்டாட்டி சுலைகா கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். கார்டு போனதால் அரிசி இல்லை. காட்டிக்கொடுத்தவன் வீடு என்று அக்கம்பக்கத்தில் ஒரு பிடி தருவாரில்லை. குழாயடியில் அவள் குடத்தை உருட்டிவிடுகிறார்கள். ருக்கு எங்கள் வீட்டுப் பானையிலிருந்து முடிந்து கொடுத்த அரிசியோடு போனேன். திட்டுவாள், திட்டை வாங்கிக்கொண்டு வரலாம் என்று இருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றபடி, இன்னும் என்ன பாடம் பாக்கி வச்சிருக்கீய என்று மட்டும் கேட்டாள். பஸ் ஏறத் தோன்றாமல் மாதுங்கா வரை நடந்தே வந்தேன்.

இன்று வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. வெயிலுமுத்து மட்டும் வந்தான். ஒரு கல்யாணத்துக்கு வேண்டுமென்று பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நல்லது கெட்டது யோசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். யோசிக்காதவர்கள் எல்லோரும் வீட்டில் சாப்பிடுகிறார்கள். யோசித்தவன் உள்ளே இருக்கிறான்.

கேஸ் இருபதாம் தேதிக்கு வருகிறது. ரேஷன் கேஸ் என்றதும் இங்கே வக்கீல்கள் ஒதுங்குகிறார்கள். பிடிபட்டவன் அல்ல, தானாக வந்து சொன்னவன் என்று நீ சொன்னால் அந்த மாஜிஸ்திரேட் காது கொடுப்பார். உன் மூச்சிரைப்பு தெரியும், இங்கே மழையும் விடவில்லை. ஆனாலும் வா. ருக்கு உன் முன்னறையைப் பெருக்கி வைத்துவிட்டாள். எனக்காக வேண்டாம், அந்தக் குழந்தை முகத்துக்காக வா. பகவான் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
வேங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு: தாதரில் இறங்கியதும் யார் கேட்டாலும் பாலக்காட்டிலிருந்து வருவதாக மட்டும் சொல்லிவிடாதே. எங்கள் ரேஷன் கார்டில் நீ இன்னும் முன்னறையில்தான் இருக்கிறாய். ருக்கு இப்போது கொண்டுவந்து வைத்த காப்பியில்கூட உன் பங்குச் சர்க்கரைதான்.