காரீயக் குழாய்கள்

1634 செப்டம்பர் 7
நகர வாசல்களை அடைத்துவிட்டார்கள். எதிரிப் படை ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருக்கிறது. மருமகன் வெல்ட்டனுக்கு வடக்கு மதிலில் காவல். மகள் டோரத்தேயா எங்களோடு வந்து தங்கியிருக்கிறாள்.
தேவாலயத்தில் ஆராதனைக்கு வழக்கம்போல குழாய் ஆர்கன் வாசித்தேன். கால்கட்டையை மிதித்ததும் அதன் பெருங்குழாய்கள் முழங்கின. அந்த முழக்கத்துக்காகத்தான் நான் இசை எழுதுவதே.

செப்டம்பர் 9
நகரக் காவல்படைக் காப்டன் ரோஸ்லர் ஆர்கன் மாடத்துக்கே ஏறி வந்து பெருங்குழாயைத் தட்டிப் பார்த்தார்.
"காரீயமாய்யா இது? துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கணும்."
"வெறும் வெள்ளீயம். குண்டுக்கு உதவாது."
"எங்கிட்டயே கதை விடறீரா? பிரபுகிட்டப் பேசிக்கிறேன்."
முக்கால்வாசி காரீயம். எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 10
நகரை ஆளும் பிரபு கூப்பிட்டனுப்பினார். "அடிச்சுச் சொல்றீரா மெர்ட்டன்? உம்ம வார்த்தையை நம்பி விட்டுடறேன்."
வெள்ளீயம்தான் என்று தலையாட்டிவிட்டேன்.

செப்டம்பர் 12
வெல்ட்டன் சாப்பிட வந்தான். குண்டுப்பை காலி. "கல்லெறிஞ்சு சமாளிக்கிறோம் மாமா," என்று சிரித்தான். டோரத்தேயா சிரிக்கவில்லை.
அவன் போனதும் என் மனைவி உர்சுலா கதவைச் சாத்தினாள். "நெசத்தைச் சொல்லுங்க. அந்தக் குழாயில காரீயம் இருக்கா, இல்லையா?"
நான் மேசையிலிருந்த தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.
"இருக்கு... அப்படித்தானே? அடப்பாவி மனுசா! நம்ம மக புருசனைவிடவா அது பெருசு?"
அந்தக் குழாய்களைப் பிடுங்கினா நான் எழுதினதெல்லாம் நொண்டிதானே? யார்கிட்டச் சொல்லி அழ? ஆனா வெல்ட்டன் செத்துப்போனா — டோரத்தேயா முகத்துல எப்படி முழிப்பேன்?

செப்டம்பர் 13
பிரபுவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "முதல்ல மதில் நிக்கட்டும். அப்புறம் உம்மைப் பார்த்துக்கிறேன்."
பெருங்குழாய்களை நானே கழற்றினேன். வேறு ஆள் தொட்டால் தாங்கியிருக்க மாட்டேன். உலையில் வெண்ணெய்போல உருகின. ரோஸ்லர் என் பக்கம் திரும்பாமல் குண்டு அச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 14
காலையிலிருந்து வெடிச்சத்தம். வெல்ட்டனைப் பற்றித் தகவல் இல்லை.

செப்டம்பர் 19
முற்றுகை விலகிவிட்டது! வெல்ட்டன் வந்தான், தோளில் கட்டோடு. டோரத்தேயா அவனை அடித்தாள், அழுதாள், மறுபடியும் அடித்தாள்.
மாலையில் பிரபு என் முகம் பாராமல் சொன்னார்: "மிச்சமிருக்கிறதை வச்சு வாசியும்."

அக்டோபர் 22
கைகளுக்கு மட்டும் எழுதிய புதிய இசையை இன்று வாசித்தேன். பாதியில் கால் தானாகக் கட்டையை மிதித்தது. காற்றுத்தான் சீறியது. யாரும் கவனிக்கவில்லை.
வரும் வழியில் உர்சுலா சொன்னாள்: "இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் நீங்க வாசிக்கிறது என்னன்னு எனக்கு வெளங்குச்சு. முன்னெல்லாம் ஒரே இடிதான்."
கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சாப்பிட்டதும் அடுத்ததை எழுத உட்கார்ந்துவிட்டேன்.