வினாத்தாளுக்குள் வந்த சித்தப்பா

ஹெப்பாள், மைசூரு

அன்பு மகள் பூங்குழலிக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மா நலம், எனக்கு ரத்தக் கொதிப்பு வழக்கம்போல, டெல்லிக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் வேண்டுதல். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாக மஞ்சுநாத், "ஏன் சார், மகளுக்கு இந்த வருஷமாவது லா சீட்டு பக்காதானே" என்று எல்லோர் காதிலும் விழும்படி சிரித்துக்கொண்டே கேட்கிறான். அவன் மகனுக்கு இன்ஜினியரிங் கிடைத்த நாளிலிருந்து இந்தச் சிரிப்பு. நான் மறக்க மாட்டேன், போகட்டும்.

நீ உன் விடைகளோடு அனுப்பிய கிளாட் சட்ட நுழைவுத் தேர்வின் மாதிரித் தாளை ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் உன்னைக் குறை சொல்ல முடியாது, சட்டப் பகுதியில்தான் மதிப்பெண் கொட்டிப் போகிறது. இருவரின் விடைகளையும் திருத்தியவள் உன் அம்மா. தகப்பன் வீட்டை மூத்தவனுக்கு என்று வாயால் சொல்லிவிட்டு இளையவனுக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுத்த கேள்வி வந்ததே, பதிந்த பத்திரம்தான் செல்லும் என்று பத்தியிலேயே விதியை அச்சடித்திருக்கிறார்கள். நீ மூத்தவனுக்கே வீடு என்று குறித்திருக்கிறாய். நானும் அதையேதான் குறித்திருந்தேன். "அப்பனும் மகளுமா உதயகுமாரை உள்ள விட்டுட்டீங்க, பரீட்சையிலயும் அவன் வீட்டைப் புடுங்கிட்டுப் போறான் பாருங்க" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொள்ளேகால் வீடு எனக்குத்தான் என்று உன் தாத்தா நாலு பேர் முன்னால் சொன்னதையும், உன் சித்தப்பா உதயகுமார் அவரைக் கூட்டிப்போய்த் தன் பேருக்கு எழுதி வாங்கியதையும் நீ சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தாய். சட்டம் படிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே அதனால்தான். இப்போது அதுவே உன் இரண்டாவது முயற்சியையும் கெடுத்துவிடுமோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் கேள். பத்தியில் உள்ள விதி எதுவோ அந்தக் கேள்விக்கு அதுதான் சட்டம், அது நியாயமா என்று பார்க்காதே, வெளியே படித்த சட்டத்தையும் கொண்டுவராதே. விதியில் உள்ள நிபந்தனைகளுக்கு அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் சம்பவத்தில் இருக்கிறதா என்று பார். யார்மேலாவது பாவம் என்று தோன்றினால் விதியை இன்னொரு முறை படி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், இரண்டு விடைகளையாவது தள்ள முடிந்தால்தான் ஊகம், இல்லையென்றால் விட்டுவிடு. பொது அறிவை முதலில் முடி, யோசித்தால் வருவதல்ல அது. கணக்குக்குப் பயந்து கடைசியில் நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளாதே. மாதிரித் தேர்வில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடாமல், தப்பான விடை ஏன் சரியென்று பட்டது என்று பக்கத்தில் எழுதிவை.

உதயகுமாரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது, பிரிக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு நான் ஒருவன் போதும். பதிந்த பத்திரம் தம்பியிடம் இருந்தால், வீட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போ.

சாமுண்டியம்மன் உனக்குத் துணையிருப்பாள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் முந்தின நாளே பையில் வைத்துவிடு, காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
மாணிக்கவாசகம்