அறிவழகனுக்காக வாங்கிய மைக்

கடலூர்
9.3.2025

அன்பு மகன் இளவரசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பனியில் நெஞ்சுச் சளி கட்டாமல் இருக்கப் பாடலீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். சிங்காரம் வீட்டு மருமகன் வியாழக்கிழமை கால்கரிக்குக் கிளம்புகிறார், முந்திரி கொடுத்தனுப்பும்போது இதையும் வைக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், பாதியில் வைத்துவிடுவேன். உன் அப்பா என்னோடு பேசிப் பதினெட்டு நாளாகிறது. சோறு போட்டால் சாப்பிடுகிறார், தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை நகர்த்துகிறார், வாயைத் திறப்பதில்லை. தன் அக்கா மகன் அறிவழகனை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனாம். நேற்று நீயும், அத்தை அழுகிறார்கள், விட்டுவிடும்மா என்று மெசேஜ் போட்டிருந்தாய். தில்லையம்மாள் அத்தை சொன்ன பாதிதான் உனக்குத் தெரியும், மீதியை நான் சொல்கிறேன்.

அறிவழகன் சிதம்பரத்தில் மருந்துக்கடை மாடியில் ஸ்டுடியோ வைத்திருப்பது உனக்குத் தெரியும். நான் ரிட்டயர் ஆன வருஷம் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அத்த, அங்கன்வாடியில பாடுவீங்களே, அதெல்லாம் ஒரு தடவ பாடுங்க, ஞாபகத்துக்கு வச்சிக்கலாம்" என்றான். நானும் போட்டது போட்டபடி உட்கார்ந்து பதினோரு பாட்டு பாடினேன், போனில் பிடித்துக்கொண்டான். போகும்போது மீன் குழம்பு வேறு தூக்கில் ஊற்றிக் கொடுத்தேன். போன ஆடி மாதம் எதிர்வீட்டுக் குழந்தை செல்லில் பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூனில் என் வாளிப் பாட்டு வருகிறது. யாரோ ஒரு பெண் மூக்கால் பாடுகிறாள், வாளி பக்கெட் ஆகியிருக்கிறது, மீன் டால்ஃபின் ஆகியிருக்கிறது, பாடல், இசை அறிவழகன் என்று எழுத்து ஓடுகிறது. தேடிப் பார்த்தேன், பதினொன்றும் இருந்தன. மற்ற பத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட நான் ஒருவேளை பொறுத்திருப்பேன். வாளிப் பாட்டு எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. சுனாமி வந்த பிறகு தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளை முகாமில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். மூன்று வயசு, நாலு வயசு. கை கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்தால் அலறிக்கொண்டு ஓடுவார்கள், ஒரு பெண் என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்குவாள். அதற்காகக் கட்டிய பாட்டு அது. 'வாளிக்குள்ள யாரு, வந்து எட்டிப் பாரு' என்று பாடி நிறுத்திவிடுவேன். ஒரு பிள்ளையாவது தானாகக் கையை உள்ளே விடும் வரைக்கும் அடுத்த வரி கிடையாது. ஐந்து நிமிஷம்கூட அப்படியே நின்றிருக்கிறேன். கை நனைந்த பிறகுதான் 'கையி நனஞ்சா மீனு, கரைக்கு வந்தா நானு'. அறிவழகன் அந்த நிறுத்தத்தில் டமடமவென்று டிரம்ஸ் போட்டு அடைத்திருந்தான்.

மறுநாளே பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். சண்டை போடவில்லை, பாட்டைத் திருத்தி என் பேரைப் போடுடா என்றுதான் கேட்டேன். அவனோடு வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு ஒரு நாற்காலி காட்டவில்லை. "அத்த, நீங்க பாடுனது வெறும் வாய்ப்பாட்டு, இதான் மியூசிக்கு. இதுல ஏதாச்சும் ஒரு பட்டன் எதுக்குன்னு சொல்லுங்க, இப்பவே பேரு போட்டுடறேன்" என்று மேஜையைக் காட்டினான். அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்படியே படி இறங்கி வந்து பஸ் ஏறினேன். கடலூர் வந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன், ஒவ்வொரு பட்டனும் எதற்கென்று தெரிந்துகொண்டுதான் இனி அவன் முகத்தில் விழிப்பது என்று.

அதன் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டு, பொழுது போகவில்லை, வீட்டிலேயே பாட்டுப் பதிவுசெய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். பொழுது போகவில்லை என்றது பொய், மன்னித்துக்கொள். நீ சந்தோஷப்பட்டு, இருக்கிற லேப்டாப்பே போதும், அதற்கு மேல் நாலு சாமான்தான் என்றாய். நான் பாண்டிச்சேரிக்குப் போய்க் கடைக்காரர் அன்புமணியிடம் அறிவழகன் ஸ்டுடியோ போட்டோவைக் காட்டி, இதெல்லாம் வேண்டும், இதைவிடப் பெரிசு இருந்தால் இன்னும் நல்லது என்றேன். அவர் ஆள் உயர ஸ்பீக்கரை இறக்கச் சொன்ன நேரத்தில்தான் நீ போனில் வந்து, பத்துக்குப் பத்து அறையில் அதை வைத்தால் சுவர்தான் அதிரும், காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கு என்று கத்தினாய். அறுபத்தொரு கட்டை கீபோர்டு கேட்டேன், நாற்பத்தொன்பது தாராளம் என்றாய். அது தானாகச் சத்தம் போடாது, எந்தக் கட்டையை அமுக்கினோம் என்று லேப்டாப்புக்குச் சொல்லும், அவ்வளவுதான் என்று அன்புமணி விளக்கியபோது, ஊமைக்கா இந்த விலை என்று கேட்டேன், மனுஷன் சிரித்துவிட்டார். மைக்கையும் லேப்டாப்பையும் சேர்க்கிற சின்னப் பெட்டியை நீ சொன்னபடியே இரண்டு மைக் செருகுகிற மாதிரி வாங்கினேன். மைக் விஷயத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. அறிவழகன் வைத்திருப்பது கண்டென்சர் மைக், எனக்கும் அதுதான் என்று அடம்பிடித்து வாங்கிவந்தேன். அது செம்மங்குப்பத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸின் ஹாரனைப் பிடித்தது, பக்கத்து வீட்டுக் குக்கரைப் பிடித்தது, உன் அப்பா கூடத்தில் கொட்டாவி விட்டதைப் பிடித்தது, என் பாட்டு அதற்கெல்லாம் அடியில் எங்கோ கிடந்தது. மறுபடியும் பஸ் ஏறிப் போய், மேடையில் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பாடுகிற சாதாரண மைக்கை மாற்றிக்கொண்டு வந்தேன். வெளிச் சத்தம் வராமல் ஜன்னலுக்கு இரண்டு கம்பளி, எதிரொலிக்காமல் இருக்க முதுகுக்குப் பின்னால் கொடியில் கனமான பஞ்சு ரஜாய். இதை ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், அவனிடம் இருப்பதையே வாங்கினால் அவனை ஜெயித்துவிடலாம் என்று நினைத்த என் முட்டாள்தனமும் உனக்குத் தெரியட்டும்.

ஆறு மாதம் படித்தேன். பட்டன் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் எழுதி வைத்தேன். சேவ் பண்ணாமல் மூடி மூன்று பாட்டு போயிற்று, உட்கார்ந்து அழுதேன், மறுபடியும் பாடினேன். வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிற சத்தத்தைப் பதிவுசெய்து நாற்பத்தொன்பது கட்டையிலும் பரப்பினேன், இடது பக்கம் அமுக்கினால் கிணறு மாதிரி, வலது பக்கம் அமுக்கினால் தூறல் மாதிரி. வாளிப் பாட்டுக்கு வேறு வாத்தியமே வைக்கவில்லை. தாளத்துக்கு டிக் டிக் என்று அடிக்குமே, அதையும் நிறுத்திவிட்டேன், என் நிறுத்தத்தை மெஷின் எண்ணக் கூடாது என்று.

அப்போதுதான் அத்தை ஸ்டேட்டஸில் அழைப்பிதழ் போட்டார்கள், சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அறிவழகனுக்குக் குழந்தைப் பாட்டுக்காகச் சால்வை போடுகிறார்களாம். முகாமில் என்னிடம் இருந்த பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போது எல்லாருக்கும் இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசு. பத்தொன்பது பேர் வந்தார்கள், வேன் வைத்துக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். சால்வை போட்டு முடிந்ததும் அறிவழகன் தன் மகள் சுவேதா கையில் மைக்கைக் கொடுத்துப் பாட்டைப் போட்டான். என் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சத்தமாகப் பாடினார்கள். அந்த இடம் வந்ததும் பத்தொன்பது பேரும் சட்டென்று பாட்டை நிறுத்தினார்கள். டிரம்ஸ் மட்டும் அடித்துக்கொண்டு ஓடியது, ஹாலே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அறிவழகன் என்னைப் பார்த்துவிட்டான், பாட்டை நிறுத்தினான். தேவனாம்பட்டினம் எழிலன் எழுந்து, "சார், அந்த எடத்துல நிக்கணும். நாங்க பயப்படாம தண்ணியில கைய வுடுறதுக்காக எங்க டீச்சர் வுட்ட எடம் அது. பாட்டு உங்களோடதுன்னா அது ஏன்னு நீங்க சொல்லுங்க" என்றான். அறிவழகன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். தலைமை ஆசிரியை என்னை மேடைக்கு அழைத்தார், போகவில்லை. நான் பேர் வாங்கப் போகவில்லை, அவன் முகத்தைப் பார்க்கப் போனேன். பார்த்தேன். வேனில் ஏறி நன்றாகச் சாப்பிட்டோம். மறுநாள் உட்கார்ந்து, சூப்பர்வைசர் கையெழுத்தோடு இருக்கிற என் பழைய அங்கன்வாடி நோட்டைப் படம் பிடித்துப் பதினோரு பாட்டுக்கும் அந்தக் கார்ட்டூன் ஓடுகிற தளத்துக்குப் புகார் அனுப்பினேன். பத்து நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், இப்போது அவன் சேத்தியாத்தோப்புக் கல்யாண மண்டபத்தில் மைக் கட்டப் போகிறானாம். கட்டட்டும்.

புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி அத்தை உன்னைத் தூது விட்டிருக்கிறார்கள். வாங்க மாட்டேன். உனக்கு வருத்தமே இல்லையா என்று கேட்பாய். அவனுக்காக இல்லை. ஆனால் அன்றைக்கு டிரம்ஸ் நின்றதும் சுவேதா மைக்கைப் பிடித்தபடியே அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், தான்தான் தப்பாகப் பாடிவிட்டோம் என்று நினைத்திருப்பாள். ஏழு வயசு. அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை, உன் அப்பாவிடம் சொல்லவும் வழியில்லை. அவளை லீவுக்கு என்னிடம் அனுப்பச் சொல்லி அத்தைக்குத் தகவல் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நானே போய்க் கூட்டிவருவேன், அந்தப் பாட்டை முறையாகச் சொல்லிக்கொடுப்பேன். அவள் அப்பன் என் வாசல்படி ஏறக் கூடாது.

நீ நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும், கல்யாணத்துக்கு நாங்கள் அனுப்பிய இரண்டு போட்டோவுக்கும் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி காதை மூடிக்கொண்டு படு. அத்தை போன் செய்தால் மரியாதையாக எடு, பனியைப் பற்றிப் பேசு, என்னைப் பற்றிப் பேசாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. புஷ்பவள்ளி