துரைக்கு வண்டி ஓட்டாத என் அண்ணனுக்கு

பாசம் மாறாத கோவிந்தண்ணா,

நீ கண் மூடி நாலு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் நல்ல சேதி சொல்ல எழுதவில்லை. நீ ஓட்டிய பச்சைக் காரை விற்றுவிட்டார்கள். அந்த விற்பனையில் எனக்கும் கை உண்டு. நடந்த அசிங்கத்தை நாலு பேர் அறிய உன்னிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியில் இருபது வருஷம் அந்தக் காரை ஓட்டியவன் நீ. பேருக்குத்தான் அது டேனரி முதலாளி பெரிய பாயின் பிளஷர் கார். யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் கரிவாயுவில் ஓடப் பின்னால் கரியடுப்பு மாட்டி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, சந்தையில் வாங்கிய உப்பிட்ட ஆட்டுத் தோலை அதில்தான் ஏற்றி வந்தாய். சுண்ணாம்புக் குழியில் விழுந்து கால் வெந்துபோனவர்களை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே வண்டிதான். நீ வீட்டுக்குள் வரும் முன்பே உன் சட்டையின் தோல் வாடை வந்துவிடும். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு போடுவார். நீ சிரிப்பாய்.

நான் டிங்கர் வேலை பார்த்த வேலூர் ஷெட்டின் முதலாளி தாமோதரனை உனக்குத் தெரியாது. பழைய சீமைக் கார்களை வாங்கி, ஒடுக்கு எடுத்து, பெயிண்ட் அடித்துப் புதுசு போலாக்கி விற்பவன். வெளிநாட்டுக் கார் இப்போது புதிதாக வருவதில்லை. பழசுக்கு மெட்ராஸில் அப்படி ஒரு கிராக்கி. எங்கண்ணன் ஓட்டின வண்டி ஒன்று ஆம்பூரில் சும்மா நிற்கிறது என்று வாயை விட்டவன் நான்தான்.

பெரிய பாய் காலமாகிவிட்டார். அவர் மகனைப் பார்க்க இரண்டு பேரும் போனோம். மகன் சாவி எடுத்துவர உள்ளே போன நேரத்தில், தாமோதரன் முன் மூடியைத் தூக்கி ஒரு பிளக் வயரைத் தளர்த்திவிட்டான். என் கண்ணெதிரே. பிறகு ஸ்டார்ட் செய்தால் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

"பாத்தீங்களா பாய், இஞ்சின் போய்ட்ச்சு. இரும்பு வெலக்கித்தான் போவும்" என்றான்.

மகன் என் பக்கம் திரும்பினார். "நீ கோவிந்தன் தம்பிதானே? நீ சொல்லுப்பா. அவ்ளோதானா வண்டி?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணூறு ரூபாய்க்கு எடுத்து வந்தான்.

சொல்லக் கூசுகிறது அண்ணா, அடுத்த மூன்று மாதமும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் வண்டி என் கையில் அல்லவா இருந்தது! அடித் தகரத்தைப் பிரித்தபோது உப்பு அரித்துச் சல்லடையாகக் கிடந்தது. இடுக்கெல்லாம் ஆட்டு மயிர். புதுத் தகரம் வெட்டி வைத்தேன். சோடா போட்டுக் கழுவினோம், பினாயில் ஊற்றினோம். ஆனால் வெயில் ஏறினால் வாடை திரும்பி வந்தது.

"இன்னாடா இது, பொணம் ஏத்துன வண்டியா?" என்றான் தாமோதரன்.

"தோலு ஏத்துனது முதலாளி. யுத்தத்தப்போ..."

"அந்தப் பேச்சு இனிமே உன் வாயில வரக்கூடாது. தோலு ஏத்துன வண்டின்னா ஒரு வெல, தொர ஏறுன வண்டின்னா ஒரு வெல."

மறுநாளே ஒரு துரை பிறந்துவிட்டார். காட்பாடிப் பக்கம் பங்களாவில் இருந்தாராம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் காரை எடுப்பாராம், சீமைக்குத் திரும்பும்போது அழுதுகொண்டே விட்டுப் போனாராம். தாமோதரன் டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் கோத்தான். நாங்கள் நாலு தொழிலாளிகளும் கேட்டுச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அப்புறம் கேட்டான்: "உங்கண்ணன் இந்த வண்டிகிட்ட நின்னு எடுத்த படம் எதுனா கீதா?"

உன் ஒரே படம் அதுதான் என்று உனக்குத் தெரியும். டேனரி வாசலில் கார், பக்கத்தில் நீ, உன்னை ஒட்டினாற்போல் அண்ணி, பின்னால் தோல் பதனிடும் பட்டைச் சாயம் ஏறிய கைகளோடு டேனரி ஆட்கள். காப்பி எடுத்துக்கொண்டு தந்துவிடுகிறேன் என்று சொல்லி அண்ணியிடம் வாங்கி வந்தேன். அவர் முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு ஸ்டூடியோ. நெகட்டிவ் இல்லாததால் அந்தப் படத்தின் மேலேயே வேலை செய்தார்கள். டேனரிச் சுவர் தோட்டமாகிவிட்டது. ஆட்கள் செடியாகிவிட்டார்கள். உன் தலையில் ஒரு முண்டாசு, சட்டையில் பித்தளைப் பொத்தான்கள். அண்ணி நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி. அதைக் கொண்டுவந்து தாமோதரன் கையில் கொடுத்தவனும் நான்தான்.

மெட்ராஸிலிருந்து ஒரு பணக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், கதை கேட்டார், படத்தைக் கையில் வாங்கினார். தாமோதரன் என்னை முன்னால் தள்ளினான்.

"உங்க அண்ணனா? கொடுத்துவெச்சவர்யா. தொரைகிட்ட எத்தனை வருஷம் இருந்தார்?"

"இருபது வருஷங்க" என்றேன்.

பயந்து சொன்னேன் என்றால் அது பொய். உன்னைப் பற்றி ஒரு பெரிய மனுஷர் அப்படி மரியாதையாகக் கேட்டதே இல்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. நினைத்தால் இப்போதும் அதுதான் அருவருப்பாக இருக்கிறது. வண்டி ஒன்பதாயிரத்துக்குப் போனது. படமும் அதோடு போனது.

படம் திரும்பி வரும் என்று அண்ணி பத்து நாள் பொறுத்தார். பிறகு ஷெட்டுக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன்.

"என்னை அழிச்சிட்டு அங்க இன்னா வெச்சாங்க?"

"பூந்தொட்டி அண்ணி."

தாமோதரன் உட்காரும் நாற்காலி அருகே காறித் துப்பினார். "என்னை அந்த மெட்ராஸ்காரன் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அன்றைக்கே போனோம்.

பங்களா வாசலில் உன் கார் பளபளவென்று நின்றது. அண்ணி செருப்பைக் கழற்றவில்லை. "ஐயா, இது தோலு ஏத்துன வண்டி. என் வூட்டுக்காரரு எந்தத் தொரைக்கும் ஓட்டல. படத்துல அந்தத் தொட்டி நிக்கிற எடத்துல நின்னது நானு" என்றார்.

அந்த மனிதர் அதிர்ந்துபோவார், தாமோதரன் மேல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "தெரியும்மா. வாங்கின மறுநாளே எங்க மெக்கானிக் சொல்லிட்டான், அடியெல்லாம் உப்பு அரிச்சிருக்குன்னு. நான் கதையோட வாங்கினேன், கதையோட வித்தாதான் எனக்கும் லாபம். இப்பவே ஒருத்தர் ரெண்டு மடங்கு கேக்கறார். நீங்க தயவுசெய்து இதை வெளியில சொல்லாதீங்க." பர்ஸை வேறு எடுத்தார்.

"படத்தைக் குடுங்க, போதும்" என்றார் அண்ணி.

உடனே கொடுத்துவிட்டார். நாலு காப்பி போட்டு வைத்திருக்கிறாராம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தார். முண்டாசு கரைந்தது. பொத்தான்கள் போயின. உன் நெற்றி தெரிந்தது, முடி தெரிந்தது. பூந்தொட்டியும் கரைந்தது. ஆனால் அதற்கு அடியில் வெறும் வெள்ளை. வர்ணம் பூசும் முன்பு ஸ்டூடியோக்காரன் அண்ணியை பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறான்.

அண்ணி அதை அப்படியே சுவரில் மாட்டிவிட்டார். யாராவது வந்து கேட்டால் அந்த வெள்ளையைத் தொட்டுக் காட்டி, "அது நான்தான்" என்கிறார். என்னோடு பேசுகிறார். ஆனால் தம்பி என்று கூப்பிடுவதில்லை. எப்போது கூப்பிடுவார் அண்ணா? கூப்பிடுவாரா?

ஆம்பூர் போய் பாயின் மகனிடமும் உள்ளதைச் சொன்னேன். "அன்னிக்குக் கேட்டேனேப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

தாமோதரன் ஷெட்டை விட்டுவிட்டேன். இப்போது ஆற்காடு ரோட்டில் லாரி பாடி கட்டுகிறேன். போன வாரம், கலவை ஊரில் ஒரு டீச்சரம்மாவின் காருக்கு அவன் ஆயிரம் ரூபாய் பேசிவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். வண்டியைப் பார்த்து, இஞ்சின் நன்றாக இருக்கிறது, அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள் என்றேன். அந்தம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீ யாருப்பா? இதுல உனக்கின்னா வரும்?"

"எனக்கு ஒண்ணும் வராதுங்க. எங்கண்ணன் ஆம்பூர் டேனரியில டிரைவரா இருந்தாரு. தோலு ஏத்துனவரு" என்றேன்.

டீச்சரம்மா பிடித்த பிடியில் மூவாயிரம் கொடுத்துத்தான் தாமோதரன் வண்டியை எடுத்தான். அப்படியும் அவனுக்கு லாபம் இருக்கும், அதற்கும் ஒரு துரை பிறப்பார். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அவன் தொழிலை நிறுத்த என்னால் ஆகாது.

என்னால் ஆவது ஒன்றுதான். அவன் விலை பேசும் வீடு என் காதுக்கு எட்டினால், அவனுக்கு முன்னால் அங்கே நான் நிற்பேன். என்னை யார் என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் உன்னை உள்ளபடி சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

டேனரி டிரைவர் கோவிந்தனின் கூடப் பிறந்த தம்பி,
ஏகாம்பரம்