உனக்கு மட்டும் நிற்காத கரண்ட்

இன்று காலை கரண்ட் வந்தது. "மீ லாப்பி!" என்று தெரு முழுக்க ஒரே கத்தல். கரண்ட் வந்துவிட்டது என்று இந்த ரங்கூனில் சின்னவர் பெரியவர் பார்க்காமல் போடுகிற சத்தம் உனக்கா தெரியாது? போட்டாதாங் படித்துறைவரைக்கும் கேட்கிற மாதிரி எல்லாரையும் முந்திக் கத்துகிறவள் நீதானே. கொஞ்சம் பொறுத்துத்தான், கரண்டை ஏற்றிக்கொடுக்கிற ஸ்டெப்அப் பெட்டியைத் திருகினேன். உள்ளே கம்பிச்சுருள் சூடேறி அந்த வார்னிஷ் வாசம் எழுந்தது. அதோடு உன் குரலும் படியேறி வரும் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. என் மூக்குக்கு அது இன்னும் தெரியவில்லை.

என் பேத்தி ஜொகூரிலிருந்து வந்திருக்கிறாள். பாட்டி என்பதற்குப் பர்மியத்தில் என்னை ப்வா ப்வா, உன்னை நன்னி, இன்னும் அப்படியேதான் கூப்பிடுகிறாள். என் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ப்வா ப்வா, இதுலயும் எடமில்ல, வெளிய சேத்து வெக்கிற எடத்துலயும் எடமில்ல. பாதிக்கு மேல கீழ்வீட்டு நன்னி வாய்ஸ்தான். அழிக்கவா, வெக்கவா?" என்று கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவாள். அதற்குள் நான் பதில் சொல்லவேண்டும். எழுத்து உனக்கும் வராது, எனக்கும் இந்த அளவுதான் வரும். அதனால் மாடிக்கும் கீழுக்குமாகப் போனிலேயே பேசிப் பேசி அனுப்பினாய். பாதிக்கு மேல் வசவு. அழித்தால் உன் வாய் அடைபடும். அது நல்லதா கெட்டதா என்றே எனக்குப் பிடிபடவில்லை.

அவள் வேலை பார்க்கிற இடத்தைப் பற்றி ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள். சந்தைக் கொட்டகையைவிடப் பெரிய கூடமாம். அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர். ஒரு ஊர் எரிக்கிற கரண்டை அந்த ஒரு கூடம் எரிக்குமாம். வெளியே கரண்ட் போனால் பேட்டரி பிடித்துக்கொள்ளும், பேட்டரி இறங்குவதற்குள் எஞ்சின் ஓடிவிடும், கண் சிமிட்டுகிற நேரம்கூட நிற்காது என்றாள். நான் மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்படி என்னடி அதுக்குள்ள இருக்கு?"

"எல்லாருடைய போட்டோவும் பேச்சும்தான், ப்வா ப்வா."

"அப்ப இவ பேச்சும் அங்கதான் இருக்கா?"

"எங்க கூடத்துலயான்னு தெரியாது. எங்கயாச்சும் ஒண்ணுல இருக்கும். ஒண்ணு எரிஞ்சாலும் போகக்கூடாதுன்னு மூணு காப்பி போட்டு வெப்பாங்க."

மூன்று! ஒருத்தியாக இருந்தபோதே உன்னைத் தாங்க முடியவில்லை. இப்போது ஊருக்கொன்றாக மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் ராவும் பகலும் கரண்ட், தலைக்கு மேல் காற்றாடி. உயிரோடிருக்கிற நான் இங்கே விசிறி மட்டையால் வீசிக்கொண்டு, கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். செத்த பிறகும் என் கரண்டை இழுக்கிறாயே என்று எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது.

நீ இழுத்தது கொஞ்சமா? நமக்கு ஒரே படிக்கட்டு, ஒரே லைன். வருகிற கரண்டே சோகை பிடித்த கரண்ட். அதை ஏற்றிக்கொடுக்க இந்தக் கட்டடத்தில் முதன்முதலில் ஸ்டெப்அப் பெட்டி வாங்கியவள் நீ. நீ குமிழைத் திருகினால் என் வீட்டு பல்பு பழுத்த பாக்கு நிறத்துக்கு வந்துவிடும். நானும் ஒன்று வாங்கினேன். நான் ஒரு படி ஏற்றினால் நீ இரண்டு படி ஏற்றுவாய். கீழேயிருந்து, "மேல்வீட்டுக்காரி! எறக்குடி, என் ஃபேன் சுத்தமாட்டேங்குது!" நான் மேலேயிருந்து, "நீ மொதல்ல எறக்கு, என் மோட்டாருக்குத் தண்ணி ஏறல!" நடு மாடியில் இருந்த பர்மியக் கிழவர் உ பா, பாவம், வெந்நீர்கூட வைக்க முடியாமல் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்.

இதைச் சொன்னபோது பேத்தி சிரித்தாள். அங்கேயும் முன்னே அப்படித்தானாம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனிக் கரண்ட் பெட்டி, தனித்தனிச் சின்னக் காற்றாடி. கரண்டை ஏற்றி இறக்குகிற ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் சூடாகி வீணாய்ப் போகும். அந்தச் சூட்டைத் தணிக்க இன்னும் கரண்ட். இப்போது அதையெல்லாம் பிடுங்கிவிட்டு, அலமாரி முழுவதற்கும் பொதுவில் கரண்ட் பெட்டி, முதுகுப் பக்கம் பெரிய பெரிய காற்றாடி என்று வைக்கிறார்களாம். அந்த மாதிரி அமைப்பை வரைந்து பார்ப்பதுதான் அவள் வேலை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பெட்டி வெச்சிருக்கலாமே, ப்வா ப்வா?"

வைத்திருக்கலாம். உ பாவும் இதையே ஒரு நாள் சொன்னார். நீ கேட்டாய்: "சரி, பெட்டி யார் வீட்ல இருக்கும்?" என் வீட்டில் என்றேன். உன் வீட்டில் என்றாய். பேச்சு அங்கேயே முடிந்தது. உ பா எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

இன்னொன்றும் பேத்தி சொன்னாள். அதைக் கேட்டதும்தான் உன்னைத் தேடி நான் எழுந்தேவிட்டேன். புதுசாக வருகிற சில கம்ப்யூட்டர்களைக் காற்றாடியெல்லாம் இல்லாமல் தொட்டிக்குள் முக்கியே வைக்கிறார்களாம். கரண்ட் ஓடும்போதே! சூடு தணிவதற்கு!

நினைவிருக்கிறதா? அந்தக் கோடையில் என் பெட்டி கொதித்துப் புகை வாசம் வந்ததென்று ஈரச் சாக்கை எடுத்து அதன்மேல் போர்த்தினேன். டப்பென்று ஒரு வெடி. படிக்கட்டு முழுக்க இருட்டு. உன் டிவி நாடகத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்த நேரம். மறுநாள் மீன்காரியிடம், "வா, எங்க மேல்வீட்ல கரண்டுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறாங்க" என்றாய். அன்றிலிருந்து உன் வாயில் நான் கரண்டைக் குளிப்பாட்டினவள். பள்ளிவாசல் தெருவிலிருந்து மாதா கோயில் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. இப்போது படித்தவர்களே குளிப்பாட்டுகிறார்கள்! உன் கதவைத் தட்டிச் சொல்லவேண்டும் என்று படியில் பாதி தூரம் இறங்கிவிட்டேன். கீழே புதுசாகக் குடிவந்த பர்மியப் பெண்ணின் செருப்புகள் கிடந்தன. திரும்பி ஏறினேன்.

"தண்ணி மஹோபூ, ப்வா ப்வா," என்றாள் பேத்தி. தண்ணீர் இல்லை, கரண்ட் பாயாத ஒரு மாதிரி எண்ணெயாம். அப்படியானால் நான் செய்ததில் பாதி சரி. கேலிக்கு நீ சொன்ன எண்ணெயும் சரி. இதில் யார் ஜெயித்தது? எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சண்டை போட நீயும் இல்லை.

கடைசியாக நீ அனுப்பியதைப் பேத்தி போட்டுக் காட்டினாள். எனக்கு மனப்பாடம்தான். "மேல்வீட்டுக்காரி, மீ லாப்பி! தூங்குறியா? நான் இன்னும் பெட்டியத் திருகல. மொதல்ல நீ தண்ணி ஏத்திக்க. ஏறினதும் ஒரு கொரலு குடு." பிறகு கொஞ்சம் இரைப்பு. அவ்வளவுதான்.

அன்றைக்குத் தண்ணீர் எப்படி ஏறியது தெரியுமா! தொட்டி வழிந்தது. நான் குரல் கொடுத்தேன். பதில் இல்லை. முறைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து நானும் முறைத்துக்கொண்டேன். மத்தியானம் உன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டுத்தான் இறங்கி ஓடினேன்.

அன்றிலிருந்து இந்தக் குழப்பம்தான் என்னைத் தின்கிறது. அத்தனை வருஷமும் விட்டுக்கொடுக்காதவள் அன்றைக்கு மட்டும் ஏன் எனக்கு முதலில் விட்டாய்? மனசு இளகித்தான் விட்டாயா? இல்லை, எழுந்துபோய்த் திருக உடம்பில் தெம்பில்லாமல், அதையும் எனக்குக் கொடுத்த மாதிரியே சொல்லிவிட்டாயா? முதலாவது என்றால் நான் உனக்குக் கடன்பட்டவள். இரண்டாவது என்றால் நீ செத்த அன்றும் என்னை ஏய்த்தவள். அந்த இரைப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு மாதிரி கேட்கிறது, மறுநாள் வேறு மாதிரி கேட்கிறது.

அதனால் இன்று காலை பேத்தியிடம் சொல்லிவிட்டேன். "அழிக்காதே. ஒண்ணையும் அழிக்காதே. நான் எடுத்த படத்தையெல்லாம் வேணும்னா அழி."

"ஏன், ப்வா ப்வா? நன்னி திட்டினதுதானே எல்லாம்?"

"அவளுக்கும் எனக்கும் வழக்கு இன்னும் முடியல."

ஆகவே அங்கேயே இரு. எந்த ஊர்க் கூடமோ, எந்த அலமாரியோ, மூன்று பேராகவே இருந்துகொள். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. என் தேங்காய்த் துருவியைப் பல்லை உடைத்துத் திருப்பிக் கொடுத்ததைக்கூட நான் மறக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ப் பெட்டியில் கைவைக்கிறேன், ஆனால் உடனே திருகுவதில்லை. ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். கீழ்வீட்டு மோட்டார் ஓடித் தண்ணீர் ஏறி நிற்கிறவரைக்கும் அப்படியே நிற்கிறேன், அதற்குப் பிறகுதான் திருகுகிறேன். இன்று காலையும் அப்படித்தான் நின்றேன். அந்தப் பர்மியப் பெண்ணுக்கு இது தெரியாது. அவள் எனக்குக் குரல் கொடுப்பதும் இல்லை.