கடைசி அறைக்கு வந்த வாசனை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பாவும் நன்றாக இருக்கிறார், அவருடைய முழங்கால் மட்டும் சரியில்லை, அதைப் பற்றி ஆரம்பித்தால் கடிதம் முழுக்க முழங்காலாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன வாரம் போனில், குட்டியின் பிறந்தநாளுக்கு நானே ஆப்பிள் கேக் செய்யப்போகிறேன், எவ்வளவு சூட்டில் எத்தனை நிமிஷம் வைக்கணும் என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதோ என்று பயந்திருப்பாய். மறதியெல்லாம் இல்லை. எனக்கு அது தெரியவே தெரியாது, இத்தனை வருஷம் கேக் செய்தவளுக்கு நிமிஷக் கணக்கு தெரியாது என்று போனில் சொல்ல வெட்கமாக இருந்தது.

மாவு விஷயமெல்லாம் சுலபம். கொஞ்சம் புளிப்பான பழமாக வாங்கு, அடிபட்ட பழமானாலும் பரவாயில்லை, அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடு. தோல் சீவி மெல்லிசாக நறுக்கி எலுமிச்சைச் சாறு தெளித்து வை, இல்லாவிட்டால் நீ மற்றதை எடுத்து வைப்பதற்குள் கறுத்துவிடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் கை வலிக்கிற வரை அடி, வெளுத்து வந்ததும் முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்று. பேக்கிங் பவுடர் சலித்துக் கலந்த மைதாவைப் போட்ட பிறகு மட்டும் உன் பலத்தைக் காட்டாதே, கலந்தும் கலக்காமலும் இருக்கும்போதே கையை எடுத்துவிடு. மேலே ஆப்பிளை அடுக்கிச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவு. இதுவரைக்கும் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓவனுக்குள் வைத்த பிறகுதான் சிக்கல். நம் ஓவனின் திருகில் இருந்த எண்கள் நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அழிந்துவிட்டன. கதவும் ஆட்டம், நடுவில் திறந்தால் சரியாக மூடாது, கேக் குழி விழுந்துவிடும். குச்சியால் குத்திப் பார்க்கலாமே என்றாள் உன் அக்கா. திறந்தால்தானே குத்துவதற்கு, அதோடு ஆப்பிள் இருக்கிற இடத்தில் கேக் வெந்தாலும் குச்சி ஈரமாகத்தான் வரும்.

அப்புறம் எப்படி அத்தனை வருஷம் கேக் சரியாக வந்தது என்று கேட்பாய். நீதான் அதற்குக் காரணம். சின்னப் பையனாக இருக்கும்போது ஓவன் கதவைத் திறந்து திறந்து பார்த்து என் உயிரை வாங்குவாய். உன்னைச் சமையலறையிலிருந்து துரத்துவதற்காக, வாசனை உன் அறைக்கு வந்தால்தான் கேக் வெந்ததாக அர்த்தம், போய் அங்கே உட்கார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நடைவழியின் கோடியில், செருப்பு அலமாரியைத் தாண்டித் திரும்பினால் வருகிற உன் அறை. நீயும் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து "அம்மா, வந்துடுச்சு" என்று கத்தினாய். திறந்து பார்த்தால் கேக் அப்படியே பொன்னாக இருந்தது. அன்றிலிருந்து நீ கத்தினால் நான் ஓவனை அணைப்பேன், கடிகாரத்தைப் பார்க்கிற வேலையே எனக்கு இல்லாமல் போயிற்று. சமையலறையில் நிற்கிறவளுக்கு ஆரம்பத்திலிருந்தே வாசனைதான், மூக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நீ மேல்படிப்புக்குப் போன பிறகு செய்ததெல்லாம் ஒன்று நடுவில் பச்சை, இல்லாவிட்டால் அடியில் கரி. கை ராசி போய்விட்டது என்று நானும் விட்டுவிட்டேன். குட்டி ஒருமுறைகூட என் கேக்கைச் சாப்பிட்டதில்லை என்பது நீ கேட்ட பிறகுதான் உறைத்தது. இது என்னோடு நின்றுவிடுமோ என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதனால் உன் அப்பாவை உன் அறையில் உட்காரவைத்துச் செய்து பார்த்தேன். ஆயுசு முழுக்கச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துத் தின்னரை முகர்ந்த மூக்கு, அதில் என்ன ஏறும். அவர் உன் கட்டிலில் பேப்பரைப் படித்துக்கொண்டு சுகமாக இருந்தார், கடைசியில் புகைதான் போய் அவரை எழுப்பியது. கேட்டால், வாசனை வரலை, புகைதான் வந்துது, நான் என்ன பண்ணட்டும் என்கிறார். அவரோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. மறுநாள் அவரை ஓவன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நான் குரல் கொடுத்ததும் அணையுங்கள், அதற்கு முன்னால் கை வைத்தால் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் இருக்காது என்று சொல்லிவிட்டு, நானே உன் அறையில் போய் உட்கார்ந்தேன்.

பெருக்கவும் துடைக்கவும் போவேனே தவிர அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. உன் மேஜையில் காம்பஸ் முனையால் நீ கிறுக்கி வைத்த விமானம் இன்னும் இருக்கிறது. முதலில் ஆப்பிளின் புளிப்பு வாசனை லேசாக வந்தது, இவ்வளவு சீக்கிரமா என்று எழுந்தே விட்டேன். பிறகு, இப்போது மாவு தண்ணியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்தேன். அதற்கப்புறம் பட்டை வந்தது, ரொம்ப நேரம் கழித்து வெண்ணெய். ஒவ்வொன்றுக்கும் தொண்டை வரைக்கும் குரல் வந்துவிட்டது, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியாக ஆப்பிள் ஓரத்தில் சர்க்கரை கருகலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு வாசனை, அப்போதுதான் "வந்துடுச்சு" என்று கத்தினேன். உன் அப்பா அணைத்தார். அதே கேக், அதே பொன் நிறம். அவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, பையன் வந்துட்டுப் போன மாதிரி இருக்கு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் ஓவன் வேறு, உன் வீடு வேறு, அதனால் சூட்டை நடுத்தரமாக வை, நிமிஷம் கேட்காதே. சமையலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இருப்பதிலேயே தள்ளி இருக்கிற அறையில் குட்டியை உட்காரவை. புளிப்பு, பட்டை, வெண்ணெய் எல்லாம் போகட்டும், சர்க்கரை வரும்போது கூப்பிடு என்று சொல்லிக்கொடு. பிறந்தநாளுக்கு முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிடு, முதல் தடவை சொதப்பினால் மனசைத் தளரவிடாதே. மாவு படிந்த அவள் முகத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்ததுதான்.

ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் உன்னை எல்லோரும் அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிட்டோம், நானே அந்தப் பெயரை வைத்தேன். எட்டு வயசுப் பையன் அந்த அறையில் மூன்று வாசனையை விட்டுவிட்டு நாலாவதுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறான், எனக்கு அது இந்த வயசில்தான் தெரிகிறது. குட்டியை மட்டும் அப்படிக் கூப்பிடாதே.

உன் பிரியமுள்ள,
அம்மா